பிடித்த ரொக் பேண்டை எங்கே பார்ப்பது: மலையிலா, கொழும்பிலா, கடல் கடந்தா?

பிடித்த பேண்ட் வருகிறது என்ற போஸ்டர் போனில் வந்ததும் எல்லோருடைய கண்ணும் டிக்கெட் விலைக்குத்தான் போகும். மலையகத்தில் இருந்து போகிறவர் அதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அந்த பேண்ட் எத்தனை மணிக்கு ஏறி எவ்வளவு நேரம் வாசிக்கும்? அது இறங்கிய பிறகு நீங்கள் எதில் வீடு திரும்புவீர்கள்? கொழும்பில் இருப்பவருக்கு இரண்டாவது கேள்வியே கிடையாது, ஒரு திரீவீல் பிடித்தால் முடிந்தது. மஸ்கெலியாவுக்கோ இராகலைக்கோ திரும்ப வேண்டியவருக்கு டிக்கெட்டின் பாதிப் பெறுமதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வழி மூன்று. ஏப்ரல் வசந்த காலத்திலும் நீண்ட விடுமுறைகளிலும் நுவரெலியா, கண்டி, பண்டாரவளைப் பக்கம் நடக்கும் திறந்தவெளி விழாக்கள் ஒன்று. கொழும்பு நிகழ்ச்சிகள் இன்னொன்று. பெரிய வெளிநாட்டு பேண்டுகள் வந்துபோகும் இந்திய விழாக்கள் மூன்றாவது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு பேண்டை முதல் தடவையாகப் பார்க்கிறவருக்குக் கொழும்பில் அந்த பேண்டின் தனி நிகழ்ச்சிதான் சரி. இந்தியாவுக்குப் போவதென்றால், அந்த பேண்ட் விழாவின் கடைசிப் பெயராக, அதாவது எல்லோருக்கும் பிறகு ஏறுகிற பெரிய பேண்டாக, இருந்தால் மட்டும் போங்கள். மலை விழா, பாட்டை நுணுக்கிக் கேட்பதைவிடக் கூட்டாளிகளோடு சேர்ந்து நிற்பது பெரிது என்று நினைப்பவர்களுக்கு.

இதற்கு முதல் காரணம் மேடை நேரம். விழா மேடையில் பகல் வேளை பேண்டுக்கு 30 முதல் 45 நிமிடம்தான் கிடைக்கும். மாலையில் வருகிறவர்களுக்கு ஒரு மணித்தியாலம். கடைசியாக ஏறுகிற பேண்டுக்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம் போல. அதே பேண்ட் தனி நிகழ்ச்சி வைத்தால் ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் வாசிக்கும். விழாவில் எல்லோருக்கும் தெரிந்த எட்டுப் பத்துப் பாட்டு வரும். பழைய அல்பத்தின் ஏழாவது பாட்டுக்காகக் காத்திருப்பவர் வெறும் கையோடு திரும்புவார். இன்னொன்று, விழாவில் ஒரு பேண்ட் இறங்கி அடுத்தது ஏற 20, 30 நிமிடம்தான் இடைவெளி. அதற்குள் வயர் எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் நேரம் இருக்கும், சத்தத்தைச் சமன்படுத்த இருக்காது. ஒலியைக் கலக்கும் மிக்ஸரில் இருப்பவர் அந்த வேலையை முதல் இரண்டு பாட்டு ஓடும்போதே செய்வார். முதல் பாட்டில் குரல் அடிபட்டு, கிற்றார் மட்டும் காதைக் கிழித்தால் அதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது பாட்டில் சரியாகிவிடும். உங்களுக்குப் பிடித்த பாட்டையே பேண்ட் முதல் பாட்டாக எடுத்துவிட்டால் நட்டம் நட்டம்தான்.

மலை விழா

பக்கத்தில் இருக்கிறது, செலவு குறைவு என்பதெல்லாம் உண்மை. 2024 செப்டெம்பரில் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாயாக ஆனபோது, 5,000 ரூபாய் டிக்கெட் ஒன்று கிட்டத்தட்ட நாலு பேருக்கு, அதாவது நாலு நாள் வேலைச் சம்பளத்துக்குச் சமம். அதற்கு மேல் பஸ், சாப்பாடு, தங்குமிடம் என்று சேர்ந்தால் கணக்கு எங்கோ போய்விடும். வீட்டில் இருந்து ஒரு மணித்தியாலத்தில் போய் வரக்கூடிய விழாவை லேசாகத் தள்ளிவிட முடியாது. கண்டிக்காரர்களுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2001இல் தொடங்கிய பரனோய்ட் எர்த்லிங் கண்டியில் இருந்து வந்த பேண்ட். சொந்த ஊர்க்காரர்கள் சொந்த ஊரில் வாசிப்பதைப் பார்க்கக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

ஆனால் மலையில் விழாவைக் கெடுப்பது பேண்ட் இல்லை, வானம். மார்ச், ஏப்ரலில் காலை நேரம் கண்ணாடி போல் தெளிந்திருக்கும். பின்னேரம் இரண்டு மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை இறங்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும்போது பதுளைப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். ஆகவே ஜூன், ஜூலையில் இரண்டு விழா இருந்து ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டி வந்தால் பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் சாயுங்கள். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் நனையும், டிசம்பர், ஜனவரியில் அந்தக் கணக்கு தலைகீழாகும். இடி என்பது விளையாட்டில்லை. இலங்கையில் மின்னல் கூடுதலாக விழும் காலங்களில் ஏப்ரலும் ஒன்று. மின்னலைக் கண்டு 30 செக்கனுக்குள் முழக்கம் கேட்டால், மேடை இரும்புச் சட்டத்துக்கும் தனி மரத்துக்கும் பக்கத்தில் நிற்காமல் வாகனத்துக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போங்கள். கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். அந்த நேரத்தில் வாசிப்பை நிறுத்துகிற ஏற்பாட்டாளர்தான் நல்ல ஏற்பாட்டாளர். அவரைப் பார்த்துக் கூச்சல் போடுவது அநியாயம்.

நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் ஏப்ரல் இரவில் 11, 12 பாகைக்கு இறங்கும். பகலில் டீ-ஷேர்ட்டோடு வந்து, மழையில் ஒரு தடவை நனைந்து, ஏழு மணிக்கு நடுங்கத் தொடங்கி, பிடித்த பேண்ட் ஏறும் முன்பே வெளியேறுகிறவர்கள் ஒவ்வொரு விழாவிலும் இருக்கிறார்கள். நனைந்த துணிதான் எதிரி, குளிர் இல்லை. கம்பளியைக் கொண்டு போகாதீர்கள், நனைந்தால் தூக்கவே முடியாத பாரமாகிவிடும். தண்ணீர் இறங்காத ஜேர்க்கின் ஒன்று, பொலித்தீனில் சுற்றிய உலர்ந்த பெனியனும் காலுறையும் ஒரு சோடி. அது போதும். குடை விரித்தால் பின்னால் நிற்பவருக்கு மேடை மறையும், பல இடங்களில் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

காலுக்கு என்ன போடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். புல்தரையில் சில ஆயிரம் பேர் மூன்று மணித்தியாலம் குதித்தால், ஒரு மழைக்கே அது சேறாகிவிடும். செருப்பு முதல் நெரிசலிலேயே போய்விடும், குனிந்து தேடுவது ஆபத்து. தோட்டத்து கம்பூட்ஸ் சேற்றுக்கு நல்லதுதான், ஆனால் ஐந்து மணித்தியாலம் நின்றால் குதிகால் உரியும், பக்கத்தில் நிற்பவரின் காலும் நசுங்கும். அடியில் பல் தேயாத, நாடா கட்டும் பழைய சப்பாத்துத்தான் சரி. நாடாவை இரட்டை முடிச்சுப் போடுங்கள்.

குளிரும் பனியும் மேடையில் இருப்பவர்களையும் விடுவதில்லை. உலோகக் கம்பி குளிரில் சுருங்கும், சுருங்கினால் சுருதி ஏறும். சூடான அறையில் சுருதி கூட்டிய கிற்றாரைக் குளிர்ந்த மேடைக்குக் கொண்டுவந்தால் இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை நிறுத்திக் கூட்ட வேண்டும். ரொக் பேண்டோடு தப்பு மேளம் சேர்த்து வாசிக்கிற குழுக்களுக்கு நேர் எதிரான தொல்லை. ஈரத்தில் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகிவிடும், அதை நெருப்பில் காய்ச்சி எடுக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் சட்டி நெருப்புக்கு இடம் கொடுக்காத விழாவில், பனி இறங்கிய பிறகு தப்பின் அந்த வெடிப்பான முதல் அடியை நீங்கள் கேட்க முடியாது. தப்புக் கலைஞர்கள் இருக்கிற குழுவானால் அது மாலை நாலு, ஐந்து மணிக்கு ஏறும் விழாவைத் தெரிவு செய்யுங்கள் என்று தைரியமாகச் சொல்வோம்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கட்டுப்பாடு உண்டு. சிறப்பு அனுமதி எடுத்திருந்தால்தான் நீளும். மழையால் தொடக்கம் ஒன்றரை மணித்தியாலம் பிந்தினால், வெட்டு விழுவது கடைசியாக ஏறுகிற பேண்டின் நேரத்தில். எல்லோரும் யாருக்காக வந்தார்களோ அவர்கள் நாலு பாட்டோடு இறங்க வேண்டிவரும். எத்தனை மணி வரை அனுமதி என்று டிக்கெட் வாங்கும் முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், உங்கள் பேண்ட் கடைசிக்கு முந்திய இடத்தில் இருப்பதே நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு

கொழும்பில் வாடகைக்குக் கிடைக்கும் ஒலி, ஒளிச் சாமான் தரமானது, மேடை ஆட்கள் பழகியவர்கள். ஸ்டிக்மாட்டா போன்ற கனத்த சத்தத்துப் பேண்டை முழுப் பலத்தோடு கேட்க அங்கேதான் வசதி. இரண்டு மணித்தியால நிகழ்ச்சி இரவு 8 மணிக்கு என்று போட்டால் பத்தரை, பதினொன்றுக்கு முடியும். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

பதுளை இரவு மெயில் ரயில் கோட்டை நிலையத்தில் இருந்து புறப்படுவது இரவு எட்டரைக்குக் கிட்ட. நிகழ்ச்சி முடிந்து அதைப் பிடிக்க வழியே இல்லை. அடுத்த கோச்சி, பாதை ஒழுங்காக ஓடும் காலத்தில், அதிகாலை 5.55 பொடி மெனிக்கே. ஆசனம் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், சனி ஞாயிறு என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையகப் பாதையை மண்சரிவுகளால் கடுமையாகச் சேதப்படுத்தியது. ஆகவே எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று ரயில்வேயிடம் உறுதி செய்யாமல் கோச்சியை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஹட்டனுக்குக் கோச்சியில் ஐந்தரை மணித்தியாலம் போகும், பதுளைக்கு ஒன்பது பத்து. இரவு முழுக்க நின்றவருக்குக் கோச்சியில் உட்கார இடம் கிடைத்தால் அது வரம், கிடைக்காவிட்டால் தண்டனை.

பஸ் வேகமானது. புறக்கோட்டையில் இருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்கு நாலு, நாலரை மணித்தியாலம். கண்டிக்கு மூன்று, மூன்றரை. கண்டிப் பக்கத்துக்கு இரவிலும் பஸ் கிடைப்பது எளிது. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துக்கு நள்ளிரவுக்குப் பிறகு எத்தனை மணிக்குப் பஸ் என்பதை பகலில் கொழும்பில் இறங்கும்போதே நேரக் காப்பாளரிடம் கேட்டு வையுங்கள். அதோடு ஹட்டனில் இறங்குவது வீடு சேர்வதாகாது. பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ முதல் பஸ் வரும் வரை அதிகாலைக் குளிரில் பஸ் நிலையத்தில் இருக்க வேண்டும். கொழும்பின் புழுக்கத்தில் ஜேர்க்கின் எதற்கு என்று வீட்டில் விட்டுப் போகிறவர்களுக்குக் கினிகத்தேனை தாண்டியதும் அதன் அருமை தெரியும். மடித்து இடுப்பில் கட்டக்கூடிய மெல்லிய ஒன்று போதும்.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வான்தான் மூன்றிலும் மேல். ஹட்டனில் இருந்து போய்வர 250 கிலோமீற்றருக்குச் சற்று மேல். டீசல் வான் லீற்றருக்கு 9, 10 கிலோமீற்றர் ஓடினால் 27, 28 லீற்றர் போகும். இதைத் தெரிந்து வைத்தால் வாடகை பேசும்போது ஏமாற மாட்டீர்கள். பணத்தைவிடப் பெரிய விஷயம் சாரதியின் தூக்கம். பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டு, இரவு பன்னிரண்டுக்குத் திரும்பி, மூன்று மணிக்குக் கித்துல்கலையில் இருந்து பனிக்குள் வளைவு ஏறுகிறவர் இடையில் தூங்கியிருக்க வேண்டும். நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் வானுக்குள் அவர் நாலு மணித்தியாலம் படுக்க இடமும், நேரத்துக்குச் சாப்பாடும் கொடுங்கள். அவரையும் உள்ளே கூப்பிட்டுப் பாட்டுக் கேட்க வைப்பது அன்பாகத் தெரியும், ஆனால் செய்யாதீர்கள். முன் ஆசனத்தில் இருப்பவர் தூங்காமல் பேச்சுக் கொடுத்து வர வேண்டும். மழை கொட்டும் இரவென்றால் விடியும் வரை அவிசாவளையிலேயே நிறுத்தி வைப்பது புத்தி. மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் பாதையில் இருட்டில் ஏற எந்தப் பாட்டும் காரணமாகாது.

கொழும்பில் இரவு தங்க உறவினர் இருந்தால் இரவோடு இரவாக வீடு திரும்பும் இந்தக் கதை முழுவதையும் மறந்துவிடலாம். பலருடைய தெரிவை உண்மையில் தீர்மானிப்பது வெள்ளவத்தையில் ஒரு சித்தி இருக்கிறாரா என்பதுதான்.

கடல் கடந்து

உலகப் பெரிய ரொக் பேண்டுகளின் பயணப் பட்டியலில் கொழும்பு அபூர்வம், இந்தியா இருக்கிறது. 2007இல் அயர்ன் மெய்டன் பெங்களூரில் வாசித்ததில் இருந்து அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. மும்பையில் லொல்லபலூசா இந்தியா 2023 ஜனவரியில் மகாலக்ஷ்மி குதிரைப் பந்தய மைதானத்தில் தொடங்கியது. 2025இல் கிரீன் டே, 2026இல் லிங்கின் பார்க் அதன் பெரிய பெயர்கள். அதே மைதானத்தில் 2025 மே மாதம் கன்ஸ் அன்ட் ரோசஸ் தனியாக வாசித்தது. இப்படி ஒரு பேண்டுக்காக வாழ்நாளில் ஒரு தடவை போகிறவரைத் தடுக்க எங்களுக்கு மனமில்லை. ஆனால் போக வேண்டியது கடைசிப் பெயருக்காக. பிற்பகல் மூன்று மணிக்கு 40 நிமிடம் வாசிக்கும் பேண்டுக்காக விமானம் ஏறினால் ஒரு நிமிடத்துக்கு ஆகும் செலவு மனதை உறுத்தும்.

முதல் வேலை கடவுச்சீட்டு. கண்டிப் பிராந்திய அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், பத்தரமுல்லைக்குப் போக வேண்டியதில்லை. தோட்டப் பகுதியில் பலருக்கு இங்கேதான் முட்டுக்கட்டை. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். அதைத் திருத்த வாரக்கணக்கில் ஆகலாம். பேண்ட் அறிவித்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. டிக்கெட்டில், விசாவில், விமானச் சீட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இந்திய இ-விசாவுக்குக் கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புறப்படுவதற்கு நாலு நாளுக்கு முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி, இரண்டு வாரத்துக்கு முன் என்பது நிம்மதி.

அடுத்தது பணம் கட்டுவது. உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதல் நாளே வங்கியில் கேளுங்கள். இந்திய டிக்கெட் தளம் வெளிநாட்டு அட்டையை எடுக்குமா, உள்ளே போகக் கையில் கட்டும் கைப்பட்டியை இந்திய முகவரிக்குத்தான் அனுப்புவார்களா, மைதானத்தில் வாங்க முடியுமா என்பதை வாசித்துவிட்டுக் கட்டுங்கள். விற்பனை திறந்து சில நிமிடத்தில் முடியும் நிகழ்ச்சியில், ஓடிபி வராத அட்டை என்றால் அத்தோடு சரி.

நகரமும் ஒரு தெரிவுதான். சென்னைக்கு விமானம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள், மொழித் தொல்லை இல்லை, நந்தனம் வொய்எம்சிஏ மைதானம் போன்ற இடம் என்றால் மெட்ரோ பக்கத்தில். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன்ற தமிழ்க் குழுவைப் பார்க்கச் சென்னையை விட்டால் வேறு ஊர் தேவையில்லை. ஆனால் உலகப் பெரிய ரொக் பேண்டுகள் அதிகம் தெரிவு செய்வது மும்பையும் பெங்களூரும். மும்பை பந்தய மைதானத்துக்கு மகாலக்ஷ்மி உள்ளூர் ரயில் நிலையம் நடை தூரம். பெங்களூரில் விமான நிலையம் நகரத்தில் இருந்து வெகுதூரம், போக்குவரத்து நெரிசலோடு சேர்த்து இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். காங்கேசன்துறை நாகப்பட்டினம் கப்பல் மலிவாகத் தெரியும். மலையில் இருந்து வடக்கு முனை வரை போய், கடல் தாண்டி, அங்கிருந்து சென்னைக்கு இன்னும் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் போவது ஒரு இசை நிகழ்ச்சிக்குச் சரிவராது. காலநிலையால் சேவை நிற்கவும் கூடும்.

ரத்தாவதையும் கணக்கில் எடுங்கள். 2011 ஒக்டோபரில் மெட்டாலிக்கா டில்லிக்குப் பக்கத்தில் குர்கானில் வாசிக்க இருந்தது. மேடை முன் தடுப்பு வேலி தாங்காததால் நிகழ்ச்சி தள்ளிப்போய், பிறகு ரத்தானது. இரண்டு நாள் கழித்துப் பெங்களூரில் அதே பேண்ட் முழுமையாக வாசித்தது. டிக்கெட் பணம் திரும்பக் கிடைத்தாலும் விமானக் காசும் தங்குமிடக் காசும் திரும்பாது. ஆகவே தேதி மாற்றக்கூடிய விமானச் சீட்டு, இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய அறை. நிகழ்ச்சிக்கு முதல் நாளே போய்ச் சேருங்கள். ஹட்டனில் இருந்து கட்டுநாயக்காவுக்கே ஐந்து மணித்தியாலத்துக்கு மேல், அங்கே மூன்று மணித்தியாலத்துக்கு முன் நிற்க வேண்டும். மண்சரிந்து பாதை மூடினால் அன்றே பறந்து அன்றே பார்ப்பது நடக்காது.

எங்கே நிற்பது

எந்த ஊரைத் தெரிவு செய்தாலும் இந்த இரண்டாவது தெரிவு மிஞ்சும். அனுபவத்தைக் கூட்டுவதும் கெடுப்பதும் பெரும்பாலும் இதுதான். வேலியை ஒட்டிய முன்வரிசை, மிக்ஸர் கூடாரத்துக்கு முன்னால் நடுப்பகுதி, ஓரம்.

முன்வரிசையில் பாடகரின் முகம் கைக்கெட்டும் தூரம். சத்தம்தான் அங்கே மோசம். பெரிய ஸ்பீக்கர் அடுக்குகள் உயரத்தில் தொங்கி உங்கள் தலைக்கு மேலால் பின்னால் இருப்பவர்களை நோக்கிப் பாடும். உங்களுக்கு வருவது தரையில் இருக்கும் பாஸ் பெட்டிகளின் இடியும், டிரம்ஸின் நேரடிச் சத்தமும்தான். குரல் மெலிந்து கேட்கும். இந்தக் காலத்தில் பல பேண்டுகள் மேடையில் கிற்றார் அம்ப் பெட்டி வைக்காமல் காதுக்குள் கேட்கும் கருவியோடு வாசிக்கின்றன, அப்போது முன்வரிசைக்குக் கிற்றார் இன்னும் குறையும். இடத்தைப் பிடிக்க கேட் திறந்தது முதல் அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து ஆறு மணித்தியாலம் கழிவறைக்குப் போக முடியாது, அதற்காகத் தண்ணீரைக் குறைப்பவர்தான் முதலில் மயங்கி விழுவார்.

மிக்ஸர் கூடாரத்துக்கு முன்னால், மேடையில் இருந்து 25 முதல் 40 மீற்றரில் நின்றால், ஒலிப் பொறியாளர் கேட்பதைத்தான் நீங்களும் கேட்பீர்கள். அவர் தன் காதுக்குத்தான் சமன்படுத்துகிறார். இடது வலது பாஸ் பெட்டிகளின் சத்தம் நடுக்கோட்டில் ஒன்றுசேர்வதால் அங்கே பாஸ் சற்றுக் கூடுதலாக இருக்கும். அது கனத்தால் நாலைந்து அடி பக்கத்துக்கு நகருங்கள். கூடாரத்துக்குப் பின்னால் போகாதீர்கள், அது மேடையை மறைக்கும். நூறு மீற்றருக்கு அப்பால் சத்தம் வந்து சேர மூன்றிலொரு செக்கன் வரை பிந்தும், திரையில் டிரம்ஸ் அடிப்பது ஒரு நேரம், கேட்பது இன்னொரு நேரம். பேண்டின் பாட்டைக் கேட்கத்தான் வந்தீர்கள் என்றால் இந்த நடுப்பகுதிதான் எங்கள் தெரிவு, இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஓரம், தங்கச்சியையோ அம்மாவையோ கூட்டிப் போகிறவர்களுக்கு. வெளியேறும் வழி பக்கத்தில், மூச்சு விட இடம், சத்தம் சுமார்.

முன்னால் போகிறவர்கள் நெரிசலை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சதுர மீற்றரில் நாலு பேர் என்றால் தோள்கள் உரசும், திரும்ப முடியும். ஆறைத் தாண்டினால் கையை முகத்துக்கு உயர்த்த முடியாது, கூட்டம் அலையாக உங்களைத் தூக்கிப் போகும். அந்த நிலையில் மனிதர்கள் சாவது மிதிபட்டு மட்டும் இல்லை, நின்றபடியே மார்பு அமுங்கி மூச்சுத் திணறி. 2021 நவம்பரில் ஹூஸ்டன் அஸ்ட்ரோவேர்ல்டில் பத்துப் பேர் அப்படித்தான் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ரொஸ்கில்ட் விழாவில் பேர்ல் ஜாம் வாசிக்கும்போது, மழையில் வழுக்கிய தரையில் விழுந்தவர்கள் எழ முடியாமல் ஒன்பது பேர் போனார்கள். நம் பக்கத்திலும் 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு முன்னேறியது. சேறான மலை மைதானத்தில், கட்டிய மூங்கிலோ பாரமில்லாத இரும்புக் குழாயோ வேலியாக இருந்தால் முன்வரிசைக்கு ஆசைப்படாதீர்கள். வேலியைக் கையால் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். நீங்கள் ஒருவர் அசைக்க முடிகிற வேலி ஆயிரம் பேரைத் தாங்காது.

மாட்டிக்கொண்டால், குத்துச்சண்டைக்காரர் போல இரண்டு கையையும் மார்புக்கு முன் மடித்து மூச்சுக்கு இடம் வையுங்கள். அலை வரும்போது எதிர்த்துத் தள்ளாமல் அதோடு போய், அது தணியும் இடைவெளியில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, மூலைவாட்டில் ஓரத்துக்கு நகருங்கள். போன் விழுந்தால் போகட்டும். பக்கத்தில் ஒருவர் விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் கையைக் கோர்த்து இடம் விட்டுத் தூக்குங்கள், மேடையை நோக்கி இரண்டு கையையும் குறுக்காகக் காட்டிக் கத்துங்கள். நிறுத்துகிற பேண்டுகள் இருக்கின்றன.

காதைப் பற்றிப் பேசினால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷின் அளவு. ஒன்றரை மணித்தியால நிகழ்ச்சி அதைப்போல ஆறு மடங்கு. காதுக்குள் உண்மையில் 15 டெசிபல் குறைக்கும் பஞ்சுநுரை அடைப்பான் போட்டால் 85க்கு இறங்கும், அந்த அளவில் எட்டு மணித்தியாலம் வரை தாங்கும். விரலால் உருட்டி மெல்லிதாக்கி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை 20, 30 செக்கன் பிடித்திருங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வேலை செய்யாது. மருந்துக்கடைப் பஞ்சு சத்தத்தை நிறுத்தாது.

கூட்டம் கூடினால் அழைப்புப் போகாது, குறுஞ்செய்தி எப்படியோ போய்ச் சேரும். பிரிந்தால் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் உள்ளே போகும் முன்பே பேசி வையுங்கள். கேட்டில் சந்திப்போம் என்று மட்டும் வைக்காதீர்கள், முடிந்ததும் எல்லா நெரிசலும் அங்கேதான். மிக்ஸர் கூடாரத்தின் வலது பக்கம், கடைசிப் பாட்டு முடிந்து 15 நிமிடத்தில் என்று வைத்தால், மைதானம் வெறுமையாகும்போது நாலு பேரும் ஒருவரை ஒருவர் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடலாம். வான் நிற்கும் இடத்தின் பெயரையும் சாரதியின் இலக்கத்தையும் கடதாசியில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வைத்திருங்கள். இரவு பதினொன்றுக்கு நாலு போனில் மூன்று செத்திருக்கும்.